இடிபாடுகளின் துயரம்: டின்டெர்ன் மடமும் ரொமாண்டிக் கவிஞர்களும்

வேல்ஸின் தென்கிழக்கு எல்லையில், வை ஆற்றின் மேற்குக் கரையில், கூரையில்லாத பெரிய தேவாலயம் ஒன்று நிற்கிறது. அதன் சுவர்கள் பெரும்பாலும் முழு உயரத்துக்கு எழுந்து நிற்கின்றன. மேற்குச் சாளரத்தின் கல் வேலைப்பாடு இன்னும் சிதையவில்லை. உள்ளே தளம் முழுவதும் புல். இதுதான் டின்டெர்ன் மடம். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் கூட்டங்கூட்டமாக வந்து பார்த்த இடிபாடுகளில் இது முதன்மையானது. ஆங்கில ரொமாண்டிக் கவிதையின் பெயர்பெற்ற படைப்புகளுள் ஒன்று இதன் பெயரைத் தலைப்பில் தாங்கியிருக்கிறது. பாழடைந்த கட்டடத்தின் முன் நின்று துயரப்படுவதும், அந்தத் துயரத்தில் இன்பம் காண்பதும் எப்படி வழக்கமாயின, பின்னர் கவிஞர்கள் அந்த வழக்கத்தை எப்படி வேறொன்றாக மாற்றினார்கள் என்பதை இந்த மடத்தின் வரலாற்றிலிருந்தே தொடங்கிப் பார்க்கலாம்.

மடம் பாழானது

டின்டெர்ன் மடத்தை 1131-இல் சிஸ்டர்சியத் துறவிகளுக்காக நிறுவியவர் வால்டர் டி கிளேர் என்ற பிரபு. ஊர் சந்தடியிலிருந்து விலகி, உழைப்பும் வழிபாடுமாக வாழ்வது அந்தத் துறவிகளின் நெறி. காடும் ஆறும் சூழ்ந்த இந்தப் பள்ளத்தாக்கு அதற்குப் பொருத்தமாக அமைந்தது. இன்று நிற்கும் பெரிய தேவாலயம் 1269-இல் தொடங்கி 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முடிவுற்றது. நார்ஃபோக் பிரபு ரோஜர் பிகாட் அதற்குப் பெருங்கொடை அளித்தார்.

இந்தக் கட்டடத்தை இடித்தது காலமோ இயற்கையோ அல்ல, ஒரு சட்டம். போப்பின் அதிகாரத்திலிருந்து விலகிய எட்டாம் ஹென்றி மன்னர், ஆண்டு வருமானம் 200 பவுண்டுக்குக் குறைந்த மடங்களை மூட 1536-இல் சட்டம் கொண்டுவந்தார். டின்டெர்னின் வருமானம் 192 பவுண்டு. அந்த ஆண்டு செப்டம்பரில் துறவிகள் மடத்தை ஒப்படைத்துவிட்டு வெளியேறினார்கள். விலையுயர்ந்த பொருள்கள் அரசின் கருவூலத்துக்குப் போயின. நிலமும் கட்டடமும் வொர்ஸ்டர் பிரபுவின் கைக்கு வந்தன. கூரையை மூடியிருந்த ஈயத் தகடுகளுக்கு நல்ல விலை கிடைக்கும் என்பதால் அவற்றைப் பெயர்த்து எடுத்தார்கள். ஈயம் போனதும் மழை உள்ளே இறங்கியது, மரச்சட்டங்கள் உளுத்தன, கூரை விழுந்தது. 1540-க்குள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படி 800-க்கும் மேற்பட்ட மடங்கள் மூடப்பட்டன. பின்னாளில் கவிஞர்களும் ஓவியர்களும் தேடிச் சென்ற இடிபாடுகளில் பெரும்பகுதி அந்த நான்கைந்து ஆண்டுகளில் உண்டானதே.

அடுத்த இருநூறு ஆண்டுகளில் டின்டெர்னை அழகென்று பார்த்தவர் அரிது. 1560-களில் அந்தப் பள்ளத்தாக்கில் இரும்புக் கம்பி இழுக்கும் ஆலை வந்தது. ஆற்றின் கிளை ஓடைகளில் நீர்ச்சக்கரங்கள் சுழன்றன. காட்டு மரம் கரியாகி உலைக்குப் போனது. மடத்தின் சுவர்களை ஒட்டி ஏழைகள் குடியேறினார்கள். தேவாலயத்தின் மேல் ஐவிக் கொடி படர்ந்தது.

துயரம் இன்பமானது

இதற்கிடையே துயரத்தைப் பற்றிய எண்ணமும் மாறிக்கொண்டிருந்தது. பழைய கிரேக்க மருத்துவம், உடலில் கரும்பித்தம் மிகுந்தால் மனச்சோர்வு வரும் என்று கணித்தது. ஐரோப்பா முழுவதும் அதையே நம்பியது. மறுமலர்ச்சிக் காலத்தில் இந்த நோய்க்கு ஒரு மதிப்பு சேர்ந்தது. ஆழ்ந்து சிந்திப்பவர்களையும் கலைஞர்களையுமே அது பிடிக்கும் என்று கருதினார்கள். 1514-இல் ஜெர்மானிய ஓவியர் ட்யூரர் செதுக்கிய படத்தில், கருவிகள் சிதறிக் கிடக்க, கன்னத்தில் கை வைத்துச் சிறகுள்ள பெண்ணுருவம் உட்கார்ந்திருக்கிறது. அந்த உருவமே மனச்சோர்வு. 1621-இல் ராபர்ட் பர்ட்டன் அதன் காரணங்களையும் வகைகளையும் மருந்துகளையும் தொகுத்துப் பெரிய நூலே வெளியிட்டார்.

18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்தத் துயரம் மருத்துவத்தை விட்டு இலக்கியச் சுவையாக மாறியது. எட்வர்ட் யங்கின் ‘இரவுச் சிந்தனைகள்’ 1742 முதல் பகுதி பகுதியாக வெளிவந்தது. ராபர்ட் பிளேரின் ‘கல்லறை’ 1743-இல் வந்தது. தாமஸ் வார்ட்டன் 1747-இல் வெளியிட்ட கவிதையின் தலைப்பே ‘துயரத்தின் இன்பங்கள்’. 1751-இல் அச்சான தாமஸ் கிரேயின் கிராமக் கல்லறை இரங்கற்பா ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்குச் சென்றது. ‘கல்லறைக் கவிஞர்கள்’ என்று பின்னர் பெயர் பெற்ற இவர்களுக்குக் கல்லறையும் பாழ்மடமும் கற்பித்தது ஒரே பாடம்: எல்லாரும் சாவார்கள், செல்வம் நில்லாது, கடவுளை நினை. இரவு, ஆந்தை, நிலவொளி, ஐவி படர்ந்த சுவர் ஆகிய எல்லாம் அந்தப் பாடத்துக்குத் துணை நின்றன.

இத்தாலியிலிருந்தும் இடிபாடுகளின் மோகம் வந்து சேர்ந்தது. வெசூவியஸ் எரிமலையின் சாம்பலில் புதைந்திருந்த ஹெர்குலேனியத்தை 1738-இலும் பாம்பெயை 1748-இலும் தோண்டத் தொடங்கினார்கள். ரோமின் சிதைந்த வளைவுகளையும் தூண்களையும் இத்தாலியக் கலைஞர் பிரனேசி செதுக்கிய படங்கள் செல்வர் வீடுகளின் சுவர்களை நிறைத்தன. சொந்தத் தோட்டத்தில் இடிபாடு இல்லாத பிரபுக்கள் புதிதாக ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். ஹாக்லி பூங்காவில் சாண்டர்சன் மில்லர் 1740-களில் எழுப்பிய பாதி இடிந்த கோட்டை அப்படி வேண்டுமென்றே பாழாகக் கட்டப்பட்டது.

ஆற்றில் வந்த பயணிகள்

டின்டெர்னின் நில உரிமையாளரான போஃபோர்ட் பிரபு 1750-களில் தேவாலயத்தின் உள்ளே குவிந்திருந்த கல்லையும் மண்ணையும் அகற்றிப் புல்தரை அமைத்தார். ராஸ் நகரிலிருந்து செப்ஸ்டோ வரை வை ஆற்றில் இரண்டு நாள் படகுப் பயணம் போகும் வழக்கமும் ஏறத்தாழ அந்தக் காலத்தில்தான் தோன்றியது. வெயிலுக்கும் மழைக்கும் மேலே துணிக் கூரை, நடுவே வரைவதற்கு மேசை எனப் படகுகளில் வசதி செய்திருந்தார்கள்.

1770-இல் அப்படிப் பயணம் செய்த பாதிரியார் வில்லியம் கில்பின், 1782-இல் தம் குறிப்புகளை நூலாக்கினார். ஓர் இடத்தை ஓவியமாகத் தீட்டினால் எப்படித் தோன்றும் என்பதை அளவுகோலாக வைத்து நாட்டைப் பார்க்கச் சொன்ன நூல் அது. பயணிகளின் கைநூலாகவும் ஆயிற்று. டின்டெர்னின் முக்கோண முகப்புச் சுவர்கள் மிக ஒழுங்காக இருப்பது கில்பினுக்குக் குறையாகப் பட்டது. சுத்தியலால் பக்குவமாகச் சில அடி கொடுத்தால் படம் இன்னும் அழகாகும் என்றும், ஆனால் அதற்கு எவருக்குத் துணிவு வரும் என்றும் எழுதினார். பயணிகள் பலர் ‘கிளாட் கண்ணாடி’ என்ற கருநிறக் குவிவாடியை வைத்திருந்தார்கள். காட்சிக்கு முதுகைக் காட்டி நின்று, ஆடியில் விழும் மங்கிய பிம்பத்தை ரசித்தார்கள். 1793-இல் பிரான்சுடன் போர் மூண்டதும் ஐரோப்பியப் பயணம் கடினமாகி, உள்நாட்டு இடிபாடுகளுக்குக் கூட்டம் பெருகியது. இளைஞராக இருந்த ஓவியர் டர்னர் 1790-களின் தொடக்கத்தில் இங்கு வந்து, ஐவி தொங்கும் வளைவுகளை நீர்வண்ணத்தில் தீட்டினார்.

கில்பினின் நூலில் கவனிக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. மடத்தைச் சுற்றி வாழ்ந்தவர்கள் பிச்சை எடுத்தே பிழைத்தார்கள் என்று அவர் எழுதுகிறார். துறவிகளின் நூலகத்தைக் காட்டுவதாகச் சொல்லி ஒரு பெண் அவரை அழைத்துப் போனாள். கைகால் விளங்காத அவள் இரண்டு கோல்களை ஊன்றித் தவழாத குறையாக நடந்தாள். முள்ளும் காஞ்சொறியும் மண்டிய வழியாகச் சென்று, இடிந்த இரண்டு சுவர்களுக்கு நடுவே இருந்த பொந்து ஒன்றைக் காட்டினாள். அதுதான் அவளுடைய வீடு. சுவர்களில் பல நிறக் கோடுகளாக ஈரம் வழிந்தது; மண் தரை மிதித்தால் அமிழ்ந்தது. சட்டிபானை எதுவும் இல்லை. கந்தல் விரித்த கட்டில் ஒன்று, சுவரின் நீர் சொட்டாதபடி அறையின் நடுவில் இழுத்துப் போடப்பட்டிருந்தது. நூலகத்தைப் பற்றி அவளுக்குச் சொல்ல எதுவும் இல்லை. தன் துன்பத்தைச் சொல்லவே அழைத்து வந்திருந்தாள். கில்பின் இதை இரக்கத்துடன் பதிவு செய்தார். ஆனால் இடிபாட்டின் அழகைப் பற்றிய அவருடைய கோட்பாட்டில் அவளுக்கு இடம் இருக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் ரொமாண்டிக் கவிஞர்களின் பணி தொடங்கியது.

வேர்ட்ஸ்வொர்த்: மனத்துக்குள் வந்த இழப்பு

வில்லியம் வேர்ட்ஸ்வொர்த் முதல் முறை வை ஆற்றங்கரைக்கு வந்தது 1793 ஆகஸ்டில். அப்போது அவருக்கு வயது 23. பிரெஞ்சுப் புரட்சியை நேரில் கண்டு திரும்பியிருந்தார். அவருடைய காதலியும் கைக்குழந்தையும் பிரான்சில் இருந்தார்கள். போரினால் அங்கே போக வழியில்லை. 1798 ஜூலையில் தங்கை டாரத்தியுடன் இரண்டாம் முறை வந்தார். டின்டெர்னை விட்டுக் கிளம்பும்போது மனத்தில் தொடங்கிய கவிதை பிரிஸ்டல் நகரை அடையும்போது முடிந்தது. ஜூலை 13 என்று நாளிட்ட அந்தக் கவிதை, அவரும் கவிஞர் கோல்ரிட்ஜும் சேர்ந்து அதே ஆண்டு வெளியிட்ட ‘பாடல்கதைகள்’ தொகுப்பின் கடைசிக் கவிதையாக அச்சானது.

மடத்துக்குச் சில மைல் மேலே எழுதியது என்று தலைப்பு சொல்கிறது. கவிதைக்குள் மடம் வருவதே இல்லை. சுவரோ, வளைவோ, ஐவியோ ஓர் அடியில்கூட இல்லை. அதே மலையையும் ஆற்றையும் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடி பார்க்கும் மனிதன், அவை மாறாமல் இருக்கத் தான் மாறிவிட்டதை உணர்கிறான். அன்று இயற்கை தந்த கட்டுக்கடங்காத பரவசம் போய்விட்டது. அதற்கு ஈடாக, மனிதரின் துன்பத்தைக் கேட்கும் காது வாய்த்திருக்கிறது. முந்தைய தலைமுறை கட்டடத்தில் கண்ட சிதைவை அவர் மனத்தில் கண்டார். பாழானது அவருடைய சொந்த இளமை. சிதைவுக்குப் பிறகு எஞ்சுவது எது என்ற கேள்விக்கு, நினைவு என்று கவிதை விடை சொல்கிறது. இறுதியில் தங்கையை நோக்கிப் பேசும் பகுதியில், அந்த நினைவை அவளிடம் ஒப்படைக்கிறது.

மரங்களுக்கிடையே எழும் புகையைக் காணும் கவிஞர், அது காட்டில் வீடில்லாமல் அலைபவர்களுடையதோ, குகையில் வாழும் துறவியுடையதோ என்று எண்ணுகிறார். கரி சுடுபவர்களும் உலைகளும் பிச்சைக்காரர்களும் நிறைந்த பள்ளத்தாக்கைக் கவிதை ஏன் அமைதியான நிலமாகக் காட்டியது என்ற கேள்வியை 1980-களின் திறனாய்வாளர்கள் கடுமையாக எழுப்பினார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் வேர்ட்ஸ்வொர்த் அந்த மக்களை மறந்தவர் அல்லர் என்பதற்கு அதே ஆண்டுகளில் அவர் எழுதிய ‘பாழ்க்குடிசை’ சான்று.

அந்தக் கவிதையின் இடிபாடு ஒரு நெசவாளியின் வீடு. கூரை இழந்த நான்கு சுவர்கள், களை மண்டிய தோட்டம், அருகே ஒரு நீரூற்று. ஊற்றின் விளிம்பில் சிலந்தி வலை தொங்குகிறது. உடைந்த மரக்கிண்ணத்தின் துண்டு பாசி படிந்து கிடக்கிறது. வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர் கொடுத்த மார்கரெட் என்ற பெண் அங்கே வாழ்ந்தாள் என்பதை ஊர் ஊராக விற்றுத் திரியும் முதிய வணிகர் சொல்கிறார். இரண்டு ஆண்டுகள் விளைச்சல் பொய்த்தது, போர் வந்தது, அவள் கணவனுக்கு வேலை போனது. படையில் சேர்ந்தால் கிடைக்கும் முன்பணத்தைச் சன்னலில் வைத்துவிட்டு, விடைபெறாமலே அவன் போய்விடுகிறான். அவள் காத்திருக்கிறாள். ஒவ்வொரு முறை வணிகர் வரும்போதும் வீட்டில் ஏதோ ஒன்று குலைந்திருக்கிறது: செடிகள் கவனிப்பாரற்றுப் படர்கின்றன, புத்தகங்கள் சிதறிக் கிடக்கின்றன, கூரை ஒழுகுகிறது. கடைசியில் அவள் அந்த வீட்டிலேயே இறக்கிறாள்.

டின்டெர்னில் கோல் ஊன்றி நடந்த பெண் கில்பினிடம் சொல்ல விரும்பிய கதை இதற்கு நெருக்கமானது. இடிபாடு என்பது மன்னருக்கும் மடத்துக்கும் மட்டும் உரியதல்ல, போரும் பஞ்சமும் ஏழையின் வீட்டையும் பாழாக்கும் என்பதை ஆங்கிலக் கவிதையில் இவ்வளவு அருகிருந்து காட்டிய படைப்பு அதற்கு முன் அரிது. பல முறை திருத்தப்பட்ட அந்தக் கவிதை 1814-இல் ‘உலா’ என்ற நெடும்பாடலின் முதல் பகுதியாக வெளிவந்தது.

அதிகாரத்தின் இடிபாடு

பிரான்சிலிருந்து வந்த ஒரு நூல் இடிபாடுகளை அரசியலோடு இணைத்தது. 1791-இல் வோல்னே வெளியிட்ட ‘இடிபாடுகள்’ சிரியாவின் பால்மைரா நகரச் சிதைவுகளுக்கு நடுவே தொடங்குகிறது. பேரரசுகள் ஏன் விழுகின்றன என்று அது கேட்கிறது. கொடுங்கோலும் மூடநம்பிக்கையுமே காரணம் என்கிறது. கல்லறைக் கவிஞர்கள் இடிபாட்டில் கடவுளின் தீர்ப்பைக் கண்டார்கள். வோல்னே மனிதர் செய்த பிழையைக் கண்டார். மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலில் அந்தப் படைப்புயிர் மனித வரலாற்றைக் கற்பது இந்த நூலைக் கேட்டுத்தான்.

பெர்சி ஷெல்லியின் ‘ஓசிமாண்டியாஸ்’ 1818 ஜனவரி 11 அன்று ‘எக்ஸாமினர்’ இதழில் வெளியானது. நண்பர் ஹோரஸ் ஸ்மித்துடன் போட்டியாக எழுதியது அது. எகிப்திய மன்னர் இரண்டாம் ராம்செஸுக்குக் கிரேக்கர் வழங்கிய பெயரே ஓசிமாண்டியாஸ். தன் செயல்களைக் கண்டு அஞ்சச் சொல்லும் மன்னரின் கல்வெட்டு நிற்கிறது. சுற்றிலும் மணலைத் தவிர எதுவும் இல்லை. ஏழு டன்னுக்கு மேல் எடையுள்ள ராம்செஸின் சிலைப் பகுதி ஒன்றை 1816-இல் இத்தாலியரான பெல்சோனி தீப்ஸ் நகரிலிருந்து நைல் நதிக்கு இழுத்து வந்திருந்தார். அது லண்டனை அடையும் முன்பே கவிதை அச்சாகிவிட்டது. இங்கே புலம்பல் இல்லை. கொடுங்கோல் நிலைக்காது என்பதில் ஆறுதலே இருக்கிறது. அடுத்த ஆண்டு ரோமில், காரகல்லா குளியல் மண்டபத்தின் இடிபாடுகள் மேல் பூத்திருந்த செடிகளுக்கு நடுவே உட்கார்ந்துதான் ‘விடுதலை பெற்ற பிரமீதியூஸ்’ நாடகத்தின் பெரும்பகுதியை எழுதியதாக ஷெல்லி முன்னுரையில் சொல்கிறார். மனித விடுதலையைப் பாடும் நூல் பேரரசின் பாழில் பிறந்தது.

பைரனுக்கு இடிபாடு பரம்பரையாக வந்த சொத்து. ஹென்றி மூடிய நியூஸ்டெட் மடத்தை அவருடைய முன்னோர் 1540-இல் வாங்கியிருந்தார்கள். பத்து வயதில் அது பைரனுக்கு வந்தது. 1817-இல் கடன் காரணமாக விற்றார். ‘சைல்ட் ஹெரால்டின் பயணம்’ என்ற நெடுங்கவிதையின் இரண்டாம் காண்டத்தில் ஏதென்ஸின் இடிபாடுகளுக்கு முன் அவர் காட்டிய துயரம் கோபமாகவும் எழுந்தது. பார்த்தினான் கோயிலின் சிற்பங்களைப் பெயர்த்துச் சென்ற எல்ஜின் பிரபுவை அவர் சாடினார். 1818-இல் வந்த நான்காம் காண்டத்தில் ரோமின் கொலோசியத்தில் நிற்கும் கவிஞர், தன்னையும் ஒரு சிதைவாகக் காண்கிறார். மணமுறிவும் அவதூறும் துரத்த, அவர் இங்கிலாந்தை விட்டுப் போய் அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஷெல்லியின் ‘ஓசிமாண்டியாஸ்’ வருவதற்கு முன்பே, 1812-இல், அன்னா பார்பால்ட் ‘ஆயிரத்து எண்ணூற்றுப் பதினொன்று’ என்ற கவிதையில் லண்டனையே பாழாகக் காட்டினார். முடிவில்லாத போரினால் பிரிட்டன் வீழ்ந்த பிறகு, அமெரிக்காவிலிருந்து பயணிகள் வந்து லண்டனின் இடிபாடுகளைச் சுற்றிப் பார்க்கிறார்கள். போர்க்காலத்தில் இதைப் பொறுக்காத விமர்சகர்கள் கடுமையாகத் தாக்கினார்கள். அதற்குப் பிறகு அவர் பெரிய கவிதை எதையும் அச்சுக்குத் தரவில்லை.

மாமல்லபுரம் ஆங்கிலக் கவிதையில்

தமிழகத்தின் இடிபாடு ஒன்றும் இந்த வரலாற்றில் இடம்பெறுகிறது. 1770-களில் இரு முறை மாமல்லபுரத்துக்குச் சென்ற வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர், அங்கே கண்டதையும் கேட்டதையும் கட்டுரையாக்கினார். அது கல்கத்தாவில் வெளிவந்த ‘ஆசியாட்டிக் ரிசர்ச்சஸ்’ முதல் தொகுதியில் 1788-இல் வெளியானது. கடலில் மூழ்கிய பெருநகரம் ஒன்று அங்கே இருந்தது, கோயில்களின் கலசங்கள் அலைகளுக்கிடையே மின்னியதைப் பெரியவர்கள் கண்டிருக்கிறார்கள் என்ற உள்ளூர்க் கதையை அவர் பதிவு செய்தார். மகாபலி மன்னனின் நகரம் என்ற வழக்கையும் எடுத்துச் சொன்னார்.

இந்தியாவைப் பார்த்தே இராத கவிஞர் ராபர்ட் சதே இந்தக் கட்டுரையைப் படித்து, 1810-இல் வெளியிட்ட ‘கெஹாமாவின் சாபம்’ என்ற காவியத்தில் ‘பலியின் நகரம்’ என்று ஒரு பகுதியையே அமைத்தார். நீர் தீண்டாதபடி சபிக்கப்பட்ட லாதுர்லாத் என்பவன் கடலுக்குள் இறங்கி, ஆளில்லாத அரண்மனைகளுக்கும் கோபுரங்களுக்கும் நடுவே நடக்கிறான். பல்லவர்களைப் பற்றிய கல்வெட்டு ஆராய்ச்சி வளராத காலம் அது. கடற்கரைக் கோயில் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் எழுப்பியது என்பது அன்று ஆங்கில வாசகருக்குத் தெரியாது. வரலாறு தெரியாத இடத்தைக் கற்பனை நிரப்பியது. டின்டெர்ன் ஏன் இடிந்தது என்பதை ஆங்கில வாசகர் அறிந்திருந்தார். மாமல்லபுரமோ அவருக்குக் கனவு நகரமாக மட்டுமே போய்ச் சேர்ந்தது.

கீட்ஸ்: இடிபாடு இல்லாத துயரம்

பார்த்தினான் சிற்பங்களை 1816-இல் பிரிட்டிஷ் அரசு 35,000 பவுண்டுக்கு வாங்கி அருங்காட்சியகத்தில் வைத்தது. 1817-இல் அவற்றைப் பார்த்த ஜான் கீட்ஸ் எழுதிய பதினான்கு அடிப் பாடலில், அந்தப் பேரழகின் முன் தன் சாவின் பாரமே அவரை அழுத்துகிறது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு எழுதிய ‘துயரம்’ பற்றிய பாடலில் அவர் கல்லறைக் கவிஞர்களின் பொருள்களை எல்லாம் ஒதுக்கினார். நஞ்சுச் செடி, ஆந்தை, கல்லறை மரம் எதையும் தேட வேண்டாம்; மலர்ந்த பூவிலும் காதலியின் கண்ணிலும் அது இருக்கிறது என்றார். வாடப்போகும் அழகை முழுமையாகச் சுவைக்கத் தெரிந்தவருக்கே துயரம் தன்னைக் காட்டும் என்பது அவர் கண்ட முடிவு. தாயையும் தம்பியையும் காசநோய்க்குப் பறிகொடுத்த கீட்ஸ், அதே நோயால் 1821-இல் ரோமில் இறந்தபோது வயது 25.

ஒரு நூற்றாண்டுக்குள் ஆங்கிலக் கவிதையில் துயரம் கடந்த வழி இது. கல்லறையில் கற்ற சமயப் பாடமாகத் தொடங்கியது, பயணிகளின் ரசனையாயிற்று. வேர்ட்ஸ்வொர்த்திடம் நினைவாகவும் ஏழையின் வரலாறாகவும், ஷெல்லியிடமும் பார்பால்ட்டிடமும் ஆட்சியைப் பற்றிய தீர்ப்பாகவும், கீட்ஸிடம் வாழ்வின் இயல்பாகவும் ஆழம் பெற்றது. இடிபாடு அவர்களுக்குப் பார்வைக்கு வைத்த பொருளல்ல. யார் இழந்தார்கள், எதனால் இழந்தார்கள் என்று கேட்க வைத்த சான்று.

மடத்தின் பிற்காலம்

1820-களில் பள்ளத்தாக்கு வழியாகச் சாலையும் 1876-இல் ரயில் பாதையும் வந்தபின் டின்டெர்னுக்குப் படகில் வருவோர் குறைந்தார்கள். ஆனால் மொத்தக் கூட்டம் பெருகியது. அறுவடைக் கால முழுநிலவைத் தேவாலயத்தின் சாளரம் வழியாகப் பார்க்கவே பலர் இரவில் வந்தார்கள். இதற்கிடையே இடிபாடுகளைக் காப்பது பொதுக் கடமை என்ற எண்ணமும் வலுத்தது. 1877-இல் வில்லியம் மாரிஸும் நண்பர்களும் பழங்கட்டடங்களைப் பாதுகாக்கச் சங்கம் தொடங்கினார்கள். 1882-இல் தொன்மைச் சின்னங்களுக்கான முதல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1901-இல் அரசு டின்டெர்னை போஃபோர்ட் குடும்பத்திடமிருந்து வாங்கியது. கவிஞர்களும் ஓவியர்களும் கொண்டாடிய ஐவிக் கொடி சுவர்களைப் பிளந்துகொண்டிருந்ததால், பொறியாளர்கள் அதை முழுவதும் நீக்கித் தூண்களுக்கு உறுதி சேர்த்தார்கள். இன்று வேல்ஸ் அரசின் தொல்லியல் அமைப்பான ‘கடூ’ மடத்தைப் பராமரிக்கிறது.